சமவெளியும் மிதிவண்டியும்

பயணம் செய்து பிற நாடுகளைக் காண விரும்புவோர் பெரும்பாலும் மலையை நாடுவர், அருவியை நாடுவர், கடற்கரையை நாடுவர், அல்லது மாடமாளிகைகள் நிறைந்த நகரங்களை நாடுவர். மேடும் பள்ளமும் இன்றி, விரித்த பாய்போலக் கிடக்கும் சமவெளியைக் காண்பதற்கென்றே ஒருவர் புறப்பட்டார் என்று கேட்பது அரிது. 'அங்குக் காண்பதற்கு என்ன இருக்கிறது?' என்று வினவுவதே உலகியல்பு. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு சமவெளியைப் பற்றி அந்நாட்டினரே இவ்வாறு வினவக் கேட்டிருக்கிறேன். அச்சமவெளியில் இரண்டு கோடைக் காலங்கள் மிதிவண்டியில் மெல்ல மெல்லச் சுற்றிவரும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அவ்வினாவிற்கு யான் கண்ட விடையை மாணவர்களாகிய உங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

34 ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், கேம்பிரிட்ஜ் நகரில் வாழும் என் மகளின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தால் புகழ்பெற்ற நகரம். மிதிவண்டிக்கும் அந்நகர் பெயர் பெற்றது. பேராசிரியரும் மாணவரும், கடைக்குச் செல்லும் மூதாட்டியரும், குழந்தைகளை முன்னே ஒரு பெட்டியில் அமர்த்திச் செல்லும் தாய்மாரும் அங்கு மிதிவண்டியிலேயே செல்கின்றனர். பணிக்காலம் முழுவதும் மிதிவண்டியிலேயே பள்ளிக்குச் சென்றுவந்த எனக்கு அக்காட்சி, அயலூரில் உறவினரைக் கண்டாற்போன்ற மகிழ்ச்சியைத் தந்தது. அதனைக் குறிப்பால் உணர்ந்த என் மாப்பிள்ளை, "மாமா, தங்களுக்கும் ஒரு வண்டி ஏற்பாடு செய்திருக்கிறேன். ஊருக்குள் சுற்றுவதோடு நின்றுவிடாதீர்கள், வடக்கே சமவெளிக்குச் சென்று பாருங்கள்" என்றார்.

அவ்வண்டி பந்தயத்திற்கு உரியதன்று. நெடுந்தொலைவு நிதானமாகச் செல்வதற்கென்றே அமைந்தது. அதில் முதுகு வளையாமல் நிமிர்ந்து அமரலாம். பின்சக்கரத்தின் இருபுறமும் இரண்டு பைகள் தொங்கும். மழைச் சட்டை, குடிநீர், கட்டுச்சோறு, காற்றடிக்கும் பம்பு, பஞ்சர் ஒட்டுதற்குரிய பொருள்கள் ஆகிய அனைத்தும் அவற்றுள் அடங்கும்.

மிதிவண்டியின் வரலாறும் இங்கிலாந்தோடு நெருங்கிய தொடர்புடையது. ஏறக்குறைய ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட வண்டியை ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 1885-ஆம் ஆண்டில் கவன்ட்ரி நகரில் செய்து பரப்பினார். இன்று நாம் ஏறிச் செல்லும் வண்டி அதன் வழிவந்ததே. 1888-இல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயரை அமைத்தார். எலும்பு குலுங்கும் துன்பம் அதனால் நீங்கியது. இவற்றுக்கும் முன்னரே, முன்சக்கரம் ஆளுயரம் இருந்த காலத்திலேயே, மிதிவண்டிப் பயணம் செய்வோர் 1878-ஆம் ஆண்டில் தமக்கென ஒரு சங்கம் நிறுவினர். அச்சங்கம் வேறு பெயருடன் இன்றும் இயங்கி வருகின்றது. குதிரையோ கோச்சு வண்டியோ வைத்துக்கொள்ளும் செல்வம் இல்லாத ஆலைத் தொழிலாளரும் கடைச் சிப்பந்திகளும், விடுமுறை நாளில் நகரத்துப் புகையை விட்டு நீங்கி நாட்டுப்புறத்தைக் காண்பதற்கு மிதிவண்டியே பின்னாளில் வழி செய்தது.

எனக்கு வழித்துணையாக அமைந்தவர் அடுத்த வீட்டில் வாழ்ந்த முதியவர் ஒருவர். எழுபது வயதைக் கடந்தவர். சமவெளியில் உள்ள ஒரு நீரிறைப்பு நிலையத்தில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவர். மிகுதியாகப் பேசும் இயல்பினர் அல்லர். எனினும் கேட்டதற்குத் தெளிவாக விடை கூறுவார். முதல் நாளே அவர் எனக்குச் சில நெறிகளை உரைத்தார்: "நண்பரே, நாம் யாரையும் முந்த வேண்டுவதில்லை. மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செல்லக் கூடுமாயின் அதுவே தக்க வேகம். ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று உள்ளம் சொன்னால் உடனே இறங்கிவிட வேண்டும். எத்தனை மைல் சென்றோம் என்பதை வீடு திரும்பிய பின்னரே கணக்கிட வேண்டும்." அந்நெறிப்படி நாங்கள் ஒரு மணி நேரத்தில் எட்டு மைலுக்கு மேல் சென்றதில்லை. ஒரு நாளில் 25 அல்லது 30 மைல் சென்றால் அதுவே எங்களுக்குப் பெரும் பயணம்.

'சமநிலத்தில் மிதிவண்டி ஓட்டுவது எளிதன்றோ?' என நீங்கள் எண்ணலாம். மலையேறும் துன்பம் அங்கு இல்லை என்பது மெய். ஆயினும் மலையும் மரச்செறிவும் இல்லாத வெளியில் காற்றைத் தடுப்பார் யாருமில்லை. "எங்கள் மலை கண்ணுக்குத் தெரியாது, அது இடம்விட்டு இடம் பெயர்ந்துகொண்டும் இருக்கும்" என்று முதியவர் காற்றைப் பற்றிக் கூறுவார். இங்கிலாந்தில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசும். ஆதலின் வடகிழக்கு நோக்கிச் செல்லும்போது அது நம்மைப் பின்னிருந்து தள்ளும். நம் கால்களே இளமை பெற்றுவிட்டன போலத் தோன்றும். திரும்பி வருகையில் அதே காற்று எதிர்நின்று மார்பில் கைவைத்துத் தடுக்கும். இயன்ற நாள்களில் காற்றை எதிர்த்துப் புறப்பட்டு, களைத்த வேளையில் அதன் துணையோடு திரும்புவதே அறிந்தோர் வழக்கம். அது இயலாதபோது மாலையில் காற்று ஓயும்வரை காத்திருந்து திரும்புவோம். ஜூன் மாதத்தில் அங்கு ஞாயிறு மறைய இரவு ஒன்பது மணிக்கு மேலாகும். எனவே காத்திருப்பதற்குப் பொழுதுக்குப் பஞ்சமில்லை.

கேம்பிரிட்ஜ், லிங்கன், நார்ஃபோக் ஆகிய வட்டாரங்களில் ஏறத்தாழ 1,500 சதுர மைல் பரந்து கிடக்கும் இச்சமவெளியை 'ஃபென்' நாடு என்பர். ஃபென் என்பதற்குச் சதுப்பு நிலம் என்பது பொருள். நகரத்தின் வீடுகளும் வேலிகளும் பின்தங்கியபின், மண்ணின் நிறம் மாறத் தொடங்கும். புல்லும் நாணலும் நீருக்குள் பல்லாயிரம் ஆண்டுகள் மட்கியதால் உண்டான கருமண் அது. அதனைப் 'பீட்' என்பர். அம்மண்ணில் கோதுமையும் உருளைக்கிழங்கும் வெங்காயமும், சர்க்கரை எடுக்க உதவும் ஒருவகைக் கிழங்கும் செழித்து வளர்கின்றன. வயல்களின் ஓரத்தில் கோல் வைத்து வரைந்தாற்போன்ற நேரான வாய்க்கால்கள் செல்கின்றன. பாதையும் அவ்வாறே நேராகச் செல்கிறது. கண்ணை மறைக்கும் குன்று ஏதும் இல்லாமையால் வானம் தரைவரை இறங்கி நிற்கிறது. பத்து மைலுக்கு அப்பால் பெய்யும் மழையை நனையாமல் நின்று காணலாம். தலைக்கு மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில் வானம்பாடி பாடிக்கொண்டே இருக்கும்.

இவ்வாறு சென்ற முதல் பயணத்திலேயே ஒரு வியப்பு எனக்காகக் காத்திருந்தது. எந்நாட்டிலும் ஆற்றிற்கு இறங்கிச் செல்வதே வழக்கம். இந்நாட்டிலோ ஆற்றிற்கு ஏறிச் செல்ல வேண்டியிருந்தது! ரீச் என்னும் சிற்றூரின் அருகே உள்ள பழைய கால்வாயை நாங்கள் அடைந்தபோது, அன்று முழுவதும் கண்ட ஒரே மேடு அக்கால்வாயின் கரையாகவே இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறினோம். ஒருபுறம் நிறைந்த நீர். மறுபுறம் அந்நீர்மட்டத்திற்கும் தாழ்வாக வயல்கள். சற்று முன்பு வயலோரத்தில் நின்று நோக்கியபோது, கரைக்கு மேலே ஒரு வீட்டுக் கூரை மெல்ல நகர்ந்து சென்றதைக் கண்டிருந்தேன். அது கால்வாயில் சென்ற படகின் கூரை என்பது கரைமேல் ஏறிய பின்னரே விளங்கியது.

"ஆற்றை இத்துணை உயரத்தில் வைத்தவர் யார்?" என்று முதியவரைக் கேட்டேன். அவர் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டே, "ஆறு உயரவில்லை, நண்பரே. நிலம் தாழ்ந்துவிட்டது" என்றார். அக்கரையில் அமர்ந்து அவர் கூறிய வரலாற்றை உங்களுக்குச் சுருங்கச் சொல்வேன்.

முற்காலத்தில் இந்நிலம் முழுவதும் சதுப்பாகக் கிடந்தது. மாரிக்காலத்தில் வெள்ளம் பரந்து, மேட்டு நிலங்கள் தீவுகளாக மாறும். மக்கள் படகேறியும், மரக்கால்களின்மேல் நின்றும் சென்றுவந்தனர். மீனும் நீர்ப்பறவையும் பிடித்தனர். கூரை வேய நாணல் அறுத்தனர். கோடையில் புல்வெளியில் ஆடுமாடு மேய்த்தனர். விலாங்கு மீன் மிகுதியாகக் கிடைத்தமையால் மடங்களுக்குச் செலுத்தும் வரியைக்கூட விலாங்கு மீனாகவே செலுத்தியதுண்டு. 1630-களில் பெட்ஃபோர்டு பிரபு தலைமையில் செல்வர் சிலர் தம் பொருளை முதலாக இட்டு இந்நிலத்தை வடிக்க முற்பட்டனர். நீரை வடித்து மீட்கும் நிலத்தில் ஒரு பங்கு அவர்களுக்கு ஊதியமாகும். ஹாலந்து நாட்டிலிருந்து வந்த கார்னீலியஸ் வெர்மைடன் என்னும் பொறியாளர் இப்பணிக்கு வழிகாட்டினார். வளைந்து நெளிந்து மெல்லச் சென்ற ஊஸ் ஆற்றின் நீரை விரைந்து கடலுக்கு அனுப்ப, 21 மைல் நீளமுள்ள நேரான கால்வாய் ஒன்று வெட்டப்பட்டு 1637-இல் முடிவுற்றது. அதற்கு இணையாக மற்றொரு கால்வாய் 1651-இல் வெட்டி முடிக்கப்பட்டது. இவ்விரண்டாம் பணியில், 1650-இல் டன்பார் போரில் சிறைப்பட்ட ஸ்காட்லாந்து வீரரும் மண் வெட்டுமாறு ஏவப்பட்டனர். இரு கால்வாய்களுக்கும் இடைப்பட்ட நிலம் மாரிக்கால வெள்ளம் தங்குவதற்கென்றே விடப்பட்டது. இன்றும் குளிர்காலத்தில் ஐஸ்லாந்திலிருந்து அன்னப் பறவைகள் ஆயிரக்கணக்கில் அங்கு வந்து தங்குகின்றன.

சதுப்பு வற்றினால் தம் மீனும் நாணலும் மேய்ச்சலும் போய்விடுமே என்று அஞ்சிய எளிய மக்கள் இப்பணியை எதிர்த்தனர். இரவில் வந்து கரையை உடைத்தனர்; மதகுகளைத் தகர்த்தனர். ஆயினும் வலியோர் எண்ணமே வென்றது. சதுப்பு விளைநிலமாயிற்று. இன்று இங்கிலாந்தின் முதல்தர விளைநிலத்தில் ஏறக்குறையப் பாதி இந்நாட்டிலேயே உள்ளது.

ஆனால் எவரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பீட் மண், நீர் ஊறிய பஞ்சு போன்றது. நீர் வடிந்ததும் அது சுருங்கியது. காற்றுப்பட்டு மட்கிக் குறைந்தது. உழுது காய்ந்த மண்ணை வேனிற்காற்று வாரிக்கொண்டும் சென்றது. ஆண்டுதோறும் நிலம் சிறிது சிறிதாகத் தாழ்ந்தது. களிமண் கரைகளுக்கு இடையே செல்லும் ஆறோ அவ்வளவு தாழவில்லை. முன்பு தானாக ஆற்றில் வடிந்த வயல்நீரை இப்பொழுது மேலே தூக்கி ஊற்ற வேண்டியதாயிற்று. அதற்காக நூற்றுக்கணக்கான காற்றாலைகளை நிறுவினர். நிலம் மேலும் தாழவே காற்றாலைகளின் ஆற்றல் போதவில்லை. நீராவி எந்திரங்கள் வந்தன. 1831-இல் ஸ்ட்ரெதம் என்னும் ஊரில் நிறுவிய அத்தகைய எந்திரம் ஒன்றினைப் பழம்பொருளாக இன்றும் காத்து வருகின்றனர். நீராவிக்குப் பின் டீசலும், டீசலுக்குப் பின் மின்னாற்றலும் அவ்வேலையை ஏற்றன. "நிலம் தாழ்ந்தமையால் நீரை இறைத்தோம், நீரை இறைத்தமையால் நிலம் மேலும் தாழ்ந்தது. என் பிழைப்பும் அதனால் நடந்தது" என்று முதியவர் சிரித்துக்கொண்டே கூறினார்.

யான் காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தவன். வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம் என மாணவர்க்குப் பலமுறை கற்பித்தவன். கரை, மதகு, வாய்க்கால் என்னும் சொற்கள் என் காதுக்குப் பழகியவை. ஆயினும் எங்கள் ஊரில் நீர் எப்பொழுது வரும் என்பதே உழவரின் கவலை. இங்கோ நீர் எப்பொழுது போகும் என்பதே கவலை. அங்கு மழை பெய்தால் மக்கள் உறங்குவர். இங்கு மழை பெய்தால் நீரிறைப்பு நிலையத்தார் விழித்திருப்பர். "எத்தனை இரவுகள் விழித்திருந்தீர்கள்?" என்று கேட்டேன். "அதை என் மனைவியே அறிவாள்" என்றார் முதியவர்.

மற்றொரு நாள் புகைவண்டியில் மிதிவண்டிகளை ஏற்றிக்கொண்டு பீட்டர்பரோ நகரை அடைந்து, அங்கிருந்து தெற்கே ஹோம் ஃபென் என்னும் இடத்திற்குச் சென்றோம். வழியெங்கும் பாதை அலைபோல் ஏறி இறங்கியது. அடியிலுள்ள மண் ஒருபடித்தாக அமிழாமையே அதற்குக் காரணம். சில பழைய வீடுகள் ஒருபுறமாகச் சாய்ந்து நின்றன. ஹோம் ஃபென்னில் வெண்ணிறப் பட்டையுடைய பூர்ச்ச மரங்களின் நடுவே ஓர் இரும்புத் தூண் நிற்கின்றது. அருகிருந்த பெரிய ஏரியொன்றை வடித்த 1851-ஆம் ஆண்டில், நிலம் எவ்வளவு தாழும் என்பதை அளப்பதற்காக அத்தூணை நட்டனர். அன்று அதன் உச்சி நிலமட்டத்தோடு ஒத்திருந்தது. இன்று அவ்வுச்சி தரைக்கு மேல் ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கின்றது. தூண் வளரவில்லை, தரை கீழே போயிற்று. கடல்மட்டத்திற்கும் ஏறத்தாழ இரண்டே முக்கால் மீட்டர் தாழ்ந்த அவ்விடமே பிரிட்டன் தீவின் மிகத் தாழ்ந்த நிலப்பகுதியாகும்.

அத்தூணின் அடியில் நின்று அண்ணாந்து நோக்கினேன். அன்று அதனை நட்டவர்களின் பாதங்கள் என் தலைக்கு மேல், என் கை நீட்டினாலும் எட்டாத உயரத்தில் இருந்திருக்கும்! நான்கு மீட்டர் மண் எங்கே போயிற்று? அதனை எவரும் வண்டியில் ஏற்றிக் கொண்டுசெல்லவில்லை. கோதுமையாகவும் கிழங்காகவும் ஐந்தாறு தலைமுறையினர் உண்ண, அம்மண் தேய்ந்து மறைந்தது. நூல்களில் எழுதப்படும் வரலாற்றையே இதுகாறும் படித்துவந்த யான், நிலமே தன் வரலாற்றைத் தூண் ஒன்றில் எழுதிக் காட்டியதை அன்று படித்தேன்.

எங்கள் பயணங்களுள் மிக நீண்டது ஈலி நகருக்குச் சென்றதாகும். ஜூன் திங்களின் ஒருநாள் காலையில் காற்றின் துணையோடு புறப்பட்டோம். வழியில் விக்கன் ஃபென் என்னும் இடம் உள்ளது. பழைய சதுப்பு நிலத்தில் எஞ்சிய சிறு பகுதிகளுள் அது ஒன்று. தேசிய அறக்கட்டளை என்னும் அமைப்பு 1899-ஆம் ஆண்டு முதல் அதனைக் காத்து வருகின்றது. ஆளுயர நாணலும், நீர்ப்பூக்களும், தும்பிகளும், வண்ணத்துப்பூச்சிகளும் நிறைந்த இடம் அது. அங்கு நிற்கும் காற்றாலை ஒரு புதுமை உடையது. வயலிலிருந்து நீரை வெளியேற்றுவதற்கென்று செய்த அவ்வாலை, இப்பொழுது சதுப்பு வற்றிவிடாமல் நீரை உள்ளே இறைக்க உதவுகிறது. சுற்றியுள்ள விளைநிலங்களையும் சிறிது சிறிதாக வாங்கி மீண்டும் ஈரநிலமாக்க, 1999-இல் 100 ஆண்டுத் திட்டம் ஒன்றை வகுத்துள்ளனர். மண் நனைந்திருந்தால் அது மேலும் தேயாது என்பது அவர்கள் கருத்து. உணவு விளையும் நிலத்தை நீருக்கு விட்டுக்கொடுப்பது முறையா என்று வினவும் உழவர்களும் உளர். இருதிறத்தார் கூற்றிலும் உண்மை உண்டு.

முதியவர் அக்காற்றாலையின் முன் நெடுநேரம் வாய் திறவாது நின்றார். வாழ்நாள் முழுவதும் நீரை வெளியேற்றியவர் அவர். நீரை உள்ளே நிறுத்த முயல்வோரைக் கண்டு வருந்துகின்றாரோ என எண்ணி, யானும் பேசாதிருந்தேன். பின்பு அவரே பேசினார்: "என் தந்தையார் இந்நிலத்தில் உழுதார். யான் நீர் இறைத்தேன். இரண்டும் நல்ல தொழில்களே. அவற்றால் பலர் பசியாறினர். ஆனால் என் பேரன் என்னிடம், 'தாத்தா, நீங்கள் எங்களுக்கு எத்தனை அடி மண்ணை விட்டுச் செல்கிறீர்கள்?' என்று கேட்டான். அவனுக்கு விடை சொல்ல வேண்டுமல்லவா? அதனால் ஆண்டுக்கு ஒருமுறையேனும் இங்கு வந்து பார்க்கிறேன்."

அவர் சொற்களில் சினமும் இல்லை, வருத்தமும் இல்லை. தம் முன்னோரையும் அவர் பழிக்கவில்லை, பின்னோரையும் பழிக்கவில்லை. ஒரு தலைமுறையின் நன்மை மற்றொரு தலைமுறைக்குக் கடனாகவும் அமையக்கூடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அக்கடனைத் தம் பெயரில் எழுதிக்கொள்ளவும் அவர் அஞ்சவில்லை.

அங்கிருந்து புறப்பட்டுச் சிறிது தொலைவு செல்வதற்குள் என் வண்டியின் பின்சக்கரத்தில் முள் தைத்துக் காற்று இறங்கிவிட்டது. முதியவர் சற்றும் பதறாமல் புல்லின்மேல் அமர்ந்து, டியூபை வெளியே எடுத்து, வாய்க்கால் நீரில் அமிழ்த்தித் துளையைக் கண்டார். ஒட்டிய இடம் உலரும்வரை காத்திருந்தோம். அக்கால் மணி நேரத்தில் எதிர்க்கரையில் சாம்பல் நிற நாரை ஒன்று ஒற்றைக்காலில் நின்று, அசையாதிருந்து, ஒரு விலாங்கைக் கவ்வி எடுத்ததைக் கண்டோம். வண்டி நில்லாமல் ஓடியிருந்தால் அதனைக் கண்டிருக்க மாட்டோம்.

ஈலியின் பெருங்கோயிலைக் காலை முதலே கண்டுகொண்டிருந்தோம். ஒரு காலத்தில் சதுப்பின் நடுவே தீவாக இருந்த தாழ்ந்த மேட்டின்மேல் அது நிற்கின்றது. 'ஃபென் நாட்டுக் கப்பல்' என்று அதற்குப் பெயர். எத்தனை மைல் மிதித்தாலும் அக்கப்பல் அடிவானத்திலேயே நங்கூரம் இட்டு நிற்பது போலத் தோன்றும். ஒரு வளைவில் மறையும்; மறு வளைவில் தோன்றும். பின்பு கோபுரம் தனியாகவும், சுவர் தனியாகவும், சாளரம் தனியாகவும் விளங்கும். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைக் காலால் சென்று அடைய அரைநாள் ஆகும்போதுதான், படகிலும் நடையிலும் அங்குச் சென்ற பழங்கால மக்கள் அதனை எவ்வாறு நோக்கியிருப்பர் என்பது விளங்குகிறது.

1083-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய அக்கோயிலின் நடுக்கோபுரம் 1322-இல் இடிந்து வீழ்ந்தது. அக்கோயிலார் மனம் தளரவில்லை. வீழ்ந்த சதுரக் கோபுரத்தையே மீண்டும் எழுப்பாமல், அகன்ற எட்டுப்பட்டை மண்டபம் ஒன்றை எழுப்பி, அதன் நடுவே ஒளி இறங்கும் விளக்குக் கூண்டு போன்ற மர விமானத்தை அமைத்தனர். அதனைத் தாங்க 63 அடி நீளமுள்ள எட்டு ஓக் மரங்கள் தேவைப்பட்டன. அத்துணை நெடிய மரங்களை நாடெங்கும் தேடிக் கொணர்ந்தனர். பணி முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. அதன்கீழ் நின்று மேலே நோக்கியபோது, நிதானம் என்பது சோம்பல் அன்று என்ற உண்மை என் நெஞ்சில் நன்கு பதிந்தது.

கோயிலின் அருகே தேநீர் அருந்தி, காற்று ஓயும்வரை இளைப்பாறி, மாலை வெயிலில் திரும்பினோம். ஈலியிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் புகைவண்டியில் கால்மணி நேரத்தில் வந்துவிடலாம். எதிர்க்காற்று கடுமையான சில நாள்களில் நாங்களும் அவ்வாறு வந்ததுண்டு. அப்போது சாளரத்தின் வழியே நோக்கினால், வயலும் வாய்க்காலும் கரையும் ஒன்றோடொன்று கலந்து பச்சைக் கோடாக ஓடும். 'காண்பதற்கு என்ன இருக்கிறது?' என்னும் வினா அங்குதான் பிறக்கின்றது போலும்.

மாணவர்களே! நூலைப் படிப்பதில் இருவகை உண்டு. ஏடுகளை விரைந்து புரட்டுவோனும் படித்தவனே. சொல்லைப் பிரித்து, பொருளை வினவி, உரையாசிரியர் கூறுவதையும் எண்ணிப் பார்த்து மேலே செல்வோனும் படித்தவனே. ஆனால் இருவரும் பெற்ற பயன் ஒன்றன்று. நிலத்தைக் காண்பதும் அத்தகையதே. மிதிவண்டியின் வேகம், சொல் பிரித்துப் படிப்போனின் வேகம். அவ்வேகத்தில் செல்வோனுக்கு, வெறுமையாகத் தோன்றிய சமவெளியும் உழைப்பும் பூசலும் அறிவும் கடனும் நிறைந்த பெருநூலாக விரிகின்றது.

இதற்காக நீங்கள் இங்கிலாந்து செல்ல வேண்டுவதில்லை. அங்குள்ள வயல்களைப் பற்றி அங்குள்ள பிள்ளைகள் வினவட்டும். உங்கள் ஊரைப் பற்றி நீங்கள் வினவுங்கள். ஒரு விடுமுறை நாளில் மிதிவண்டியை எடுத்துக்கொண்டு மெல்லப் புறப்படுங்கள். இந்த ஏரிக்கரையை உயர்த்தியவர் யார், இவ்வாய்க்கால் எங்கே போகிறது, இக்கிணற்றில் முன்பு எத்தனை அடியில் நீர் இருந்தது என்று மூத்தோரைக் கேளுங்கள். முன்னோர் உங்களுக்கு எவற்றை விட்டுச் சென்றனர் என்பது அப்பொழுது புலனாகும். பின்வருவோர்க்கு நீங்கள் எத்தனை அடி மண்ணையும், எத்தனை அடி நீரையும் விட்டுச் செல்லப் போகிறீர்கள் என்னும் வினாவும் உடன் எழும். அவ்வினாவை ஒதுக்கிவிடாமல் அந்த முதியவரைப் போல நின்று கேட்பவர்களே நாட்டிற்குத் துணையாவர்.